அம்மா கழுவாத கால்

1.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வாசலில் அம்மா, தன்னிடம் டியூஷன் படிக்கும் ரேகாவின் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே தண்ணீர் சுடவைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'பனி மூடிய சமவெளியில் எல்சி குதிரைவண்டியை நிறுத்தி—'

அடித்துவிட்டேன். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் மெனோனைட் கிறிஸ்தவப் பெண்கள் அப்படித்தான் வருகிறார்கள். என் அம்மா எல்சி, திருவொற்றியூர்ப் பள்ளிக்கூடம் விட்டதும் ஷேர் ஆட்டோவில் நசுங்கி எர்ணாவூரில் வந்து இறங்குகிறாள்.

2.

காலையில் சமையல், பகலில் நான்காம் வகுப்புக்குப் பாடம், மாலையில் மீனவர் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டிலேயே இலவச டியூஷன். நல்லவள். [நல்லவளைப் பற்றிக் கதை எழுதுவது கஷ்டம். அவளுக்கு மகளாக இருப்பது இன்னும்—]

எங்கள் மெனோனைட் சபையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, வருடத்துக்கொருமுறை பெண்கள் ஜோடியாக உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் கழுவுவார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள் மட்டும். குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்தபின் நாமே கேட்க வேண்டும். இருபத்துமூன்று வயதாகிறது, நான் இன்னும் கேட்கவில்லை. அம்மா அவசரப்படுத்தியதும் இல்லை. ஆகவே அந்த வரிசையில் என் காலைக் கழுவியதும் இல்லை.

3.

இந்த டிசம்பரில் வெள்ளத்தோடு ஆலைக் கழிவெண்ணெய் வந்தது. படகையும் வலையையும் இழுத்துக் காப்பாற்றியவர்களுக்கு முழங்கால்வரை கறுப்பு. அம்மா வாசலில் முக்காலி போட்டாள். முதலில் தேங்காயெண்ணெய் தடவித் துடைப்பு, பிறகு சோப்பும் வெந்நீரும்.

"இன்னா டீச்சர், என் கால போய் தொட்டுகினு," என்று ரேகாவின் அம்மா கோவிந்தம்மா நெளிந்தாள்.

"சும்மா குந்து கோவிந்தம்மா. கிச்சுகிச்சா மூட்றேன்?"

அடுத்து ரேகா. பத்தாவது படிக்கிறாள்.

"எரியுதா கண்ணு?"

"இல்ல டீச்சர். சொகமா கீது."

பிறகு உள்பக்கம் திரும்பி, "வினிதா, வெந்நீர் ஆயிடுச்சா?"

[கவனித்தீர்களா? அவர்களுக்குக் 'குந்து', 'கண்ணு'. எனக்கு வெந்நீர்.]

4.

கதையில் ரேகாவைக் கெட்டவளாக்கப் பார்த்தேன். வாயைத் திறந்ததும் நல்லவளாகிவிடுகிறாள்.

ஆகவே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தெருமுனைக்குப் போனேன். எண்ணெய்ச் சேறு தேங்கிய இடத்தில் இரண்டு காலையும் வைத்தேன். ['வழுக்கியது' என்று எழுதியிருந்தேன். வழுக்கவில்லை.] திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தேன்.

அம்மா என் காலைப் பார்த்தாள். பிறகு வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தாள். அது சுத்தமாக இருந்தது.

5.

முடிவு ஒன்று: அம்மா கண்ணீரோடு என் பாதத்தை— வேண்டாம், இது நான் படித்த ஏதோ ஒரு நாவல்.

முடிவு இரண்டு: "ஞானஸ்நானம் கேட்டிருந்தா இவ்வளவு சேறு தேவையில்ல," என்கிறாள். அம்மா குத்திப் பேச மாட்டாள். நான்தான் பேசுவேன்.

இதுவரை நடந்தது: அம்மா என் பக்கம் நகர முயன்று முட்டியைப் பிடித்துக்கொண்டாள். ரேகா தண்ணீர் பேசினை இழுத்துக்கொண்டு என் முன்னால் குந்தினாள்.

"டீச்சருக்கு முட்டி நோவுது. நீ கால குடு அக்கா. இன்னா, சேத்துல டான்ஸ் ஆடினியா?"

அம்மா தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை ரேகாவிடம் நீட்டிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ரேகாவின் கை காத்திருக்கிறது. என் கால் இன்னும் முக்காலிக்கு அடியில். நீட்டட்டுமா? நீங்களே சொல்லுங்கள். நான் சுடவைத்த தண்ணீர்தான், ஆறிக்கொண்டிருக்கிறது.