பன்னிரண்டுக்கு அடுத்து

"பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதினாலு" என்று பச்சைப் பட்டாணியை எண்ணி எண்ணிக் கிண்ணத்தில் போட்டாள் கிருத்திகா.

உத்தமன் தோல் உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். "இன்னொரு வாட்டி எண்ணு பாப்பா."

மறுபடியும் பன்னெண்டு, பதினாலு. குரலில் தடுமாற்றமே இல்லை. மறந்துபோயிருந்தால் இழுப்பாள், அப்பா முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பாள். இவளோ கடைக்காரர் சில்லறை எண்ணுவதுபோல நேராகப் போய்க்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டுக்கு அப்புறம் பதிமூணுல்ல வரும்?"

"பதிமூணு சும்மா பேரு மட்டும்தாம்ப்பா. அது கிடையாது."

போன மாதம்வரை ஐம்பதுவரை பிசகாமல் சொன்ன பெண் இவள். இருந்ததும் போய்க்கொண்டிருக்கிறதா?

கிருத்திகாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. யு.கே.ஜி. போய்க்கொண்டிருந்தபோது, கீழே வேன் ஹாரன் அடித்தாலே குழந்தை வாந்தி எடுத்தாள். டாக்டர் வயிற்றில் ஒன்றுமில்லை என்றுவிட்டார். மனைவி சீதாலட்சுமிக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை, விடிந்தால் கிளம்பியாக வேண்டும். உத்தமன் வீட்டில் இருந்தபடியே ஒரு கம்பெனிக்கு அரைநாள் வேலை பார்ப்பவன். "ஒரு வருஷம் நானே சொல்லிக் குடுக்கறேன்" என்று அவன்தான் சொன்னான். சொன்ன வாய் இன்னும் தைரியமாகத்தான் இருந்தது. மனசுதான் அவ்வப்போது குடியாத்தத்து அண்ணன் குரலில், "புள்ளைய வீட்ல வெச்சுக் கெடுத்துடாதடா" என்றது.

வீட்டையே பாடமாக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். இட்லி மாவுக்கு எத்தனை டம்ளர் அரிசி, காய்ந்த சாக்ஸில் எத்தனை ஜோடி என்று கணக்கை அப்படியே கொண்டுவந்துவிடலாம். எழுத்துக்காக வெள்ளை ஸ்டிக்கர் வாங்கி, கதவில் 'கதவு', அலமாரியில் 'அலமாரி', தம்பி அஷ்வினின் தண்ணீர் பாட்டிலில் 'அஷ்வின்' என்று எழுதி ஒட்டியிருந்தான். நாலு வயது அஷ்வின் அவற்றைப் பிய்த்து நெற்றியில் ஒட்டிக்கொண்டான். கிருத்திகா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பென்சிலைக் கையில் கொடுத்தால் விரல் வலிக்கிறது என்பாள்.

பதிமூன்று எங்கே போனது என்பது மறுநாள் இரண்டு பிள்ளைகளோடும் காய்கறிப் பையோடும் லிஃப்டில் ஏறியபோது தெரிந்தது. கிருத்திகா வழக்கம்போல ஒவ்வொரு பட்டனாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதினாலு. பதினாலை அழுத்தினாள். அவர்கள் வீடு அதில்தான்.

உத்தமன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். "அடிப்பாவி! இதைப் பாத்தா சொன்னே?"

"ஆமா. எங்க இருக்கு பதிமூணு?"

"சில பேருக்கு பதிமூணுன்னா ராசியில்லைன்னு பயம். அதனால கட்டினவங்க அந்த நம்பரைப் போடாம விட்டுட்டாங்க."

"நம்பரைப் பாத்து பயமா? அது கடிக்குமா?"

"கடிக்காது. ஆனா பயம்."

அவள் யோசித்தாள். "நம்பரை மட்டும் விட்டாங்களா, மாடியையே விட்டாங்களா?"

எட்டு மாதத்தில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. உத்தமன் காய்கறிப் பையை வீட்டு வாசலில் வைத்தான், பிள்ளைகளைக் கீழே கூட்டிப்போனான், மூவரும் படிக்கட்டு வழியாக ஏறினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கிருத்திகா ஒரு விரலை மடக்கினாள், விரல் தீர்ந்ததும் அஷ்வினின் விரலைக் கடன் வாங்கினாள். மூச்சு வாங்க வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, "பதிமூணு!" என்று கத்தினாள். "அப்பா, நாமதான் பதிமூணு!"

உத்தமனுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை.

இரண்டு நாள் கழித்து, குடியிருப்போர் சங்கச் செயலாளர் கணேசமூர்த்தி போன் செய்தார். இந்தக் கன்னட ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் பாதி கன்னடம் இருக்கும். "ஸார், ஸ்வல்ப, கொஞ்சம் லிஃப்ட் கிட்ட வர்றீங்களா? பதினாலு பட்டன் மேல யாரோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க. தமிழ்ல இருக்கு. பில்டிங்ல தமிழ் எழுதற பசங்க உங்க வீட்ல மட்டும்தானே?"

போய்ப் பார்த்தான். பதினாலாம் பட்டனை மூடிக்கொண்டு அவன் வாங்கிய அதே வெள்ளை ஸ்டிக்கர். அதில் பெரிதாக 13. கீழே, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாற்போல நாலு எழுத்து: பதிமுனு.

'மூ'வுக்குச் சுழி குறைந்திருந்தது. 'ணு' இருக்க வேண்டிய இடத்தில் 'னு'. உத்தமனுக்குக் கண் கலங்கிவிட்டது. விரல் வலிக்கிறது என்று சொன்ன பெண், யாரும் கேட்காமல், யாரும் பக்கத்தில் உட்காராமல் எழுதியிருக்கிறாள். போனை எடுத்துப் படம் பிடித்து சீதாலட்சுமிக்கு அனுப்பினான்.

கணேசமூர்த்தி பொறுமையாக நின்றார். "சந்தோஷம் ஸார். ஆனா எடுத்துடுங்க. உங்க பக்கத்து வீட்டு மேடம் ரொம்ப அப்செட்."

"தீபிகாவா? எதுக்கு?"

"அதை அவங்களையே கேளுங்க. எனக்குக் கேக்க சங்கடமா இருந்துச்சு."

உத்தமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தீபிகா பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், சிரித்த முகம், ஏழு மாத கர்ப்பிணி. பிள்ளைகளுக்கு அடிக்கடி பிஸ்கட் கொடுப்பவள். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டு மணியை அடித்தான்.

கதவைத் திறந்தவளின் முகம் வீங்கியிருந்தது. "வாங்கண்ணா. தப்பா நெனச்சுக்காதீங்க, சார்கிட்ட நான் கம்ப்ளெய்ன்ட்னு சொல்லலை."

"பாப்பா வெளையாட்டா ஒட்டிட்டாம்மா. எடுத்துட்டேன்."

"நேத்து சாயங்காலம் லிஃப்ட்ல பாப்பா ஒட்டறதைப் பாத்தேன். கூட வந்த சீதா அக்கா போன்ல பேசிட்டு இருந்தாங்க, கவனிக்கலை. நான் படிச்சது கன்னட மீடியம், தமிழ் எழுத்து தெரியாது. என்னடா செல்லம் எழுதியிருக்கேன்னு கேட்டேன். அவ ஒவ்வொரு எழுத்தா வெரல் வெச்சுப் படிச்சுக் காட்டினா. அப்புறம், 'ஆன்ட்டி, நாம நெஜமா பதிமூணாவது மாடில இருக்கோம், எண்ணிட்டோம்'னா."

விரல் வைத்துப் படித்தாளா? உத்தமனின் முகம் அவனையும் மீறி மலர்ந்தது. உடனே எதிரில் இருந்தவளின் கண்ணில் தண்ணீர் தளும்புவதைப் பார்த்து, மலர்ந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் விழித்தான்.

"எனக்கு இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தங்கலைண்ணா" என்றாள் தீபிகா. "ரெண்டுமே பதிமூணாம் தேதி. எங்கம்மா இந்த வீட்டைப் பாத்தப்போ, பதிமூணே இல்லாத பில்டிங்டின்னு அவ்ளோ சந்தோஷப்பட்டாங்க. நான் எஞ்சினியரிங் படிச்சவ. இது பைத்தியக்காரத்தனம்னு எனக்கே தெரியுது. தெரிஞ்சும் நேத்து ராத்திரி கண்ண மூட முடியலை. குழந்தை உண்மையைத்தானே சொன்னா, அவமேல கோபமே இல்லை."

உத்தமன் "சரிம்மா, சரிம்மா" என்றான். வேறென்ன சொல்வது? பதிமூன்றில் ஒன்றுமில்லை என்று சொன்னால் இரண்டு முறை இழந்தவளிடம் வாயாடியதுபோல இருக்கும். பதினாலுதான் என்று சொன்னால் பொய்.

வீட்டுக்கு வந்ததும் கிருத்திகா அவன் சட்டைப் பையைப் பார்த்துவிட்டாள். "ஏன்ப்பா பிச்சே?"

"ஆன்ட்டிக்குக் கஷ்டமா இருக்காம்."

"நான் எண்ணினது தப்பா?"

"இல்லடா. சரிதான்."

"எழுதினது தப்பா?"

"அதுவும்... ரெண்டு எழுத்துதான்."

"அப்ப ஏன் பிச்சே?"

உத்தமன் தண்ணீர் குடிக்க எழுந்துபோனான். தாகம் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் வந்த சீதாலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "இதுக்கு என்னங்க பதில் சொல்லப் போறீங்க?"

"நீ சொல்லேன்."

"நான் லேப்ல நம்பர் வந்தா வந்தபடி எழுதிக் குடுக்கறவ. யாரு அழுவாங்கன்னு பாத்தா ரிப்போர்ட் குடுக்க முடியுமா?" என்றாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே அவளே, "ஆனா தீபிகாகிட்ட நான் போய் அப்படிப் பேச மாட்டேன்" என்றாள். பெரியவர்கள் இருவருக்கும் தெரியாத ஒன்றை ஆறு வயதுக்காரிக்கு எப்படிச் சொல்லித்தருவது? பள்ளிக்கூடமாக இருந்தால் மணியடித்து அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார்கள்.

அடுத்த நாள் காலையில் படிக்கட்டிலிருந்து அலறல் கேட்டது. உத்தமன் ஓடிப்போய்ப் பார்த்தான். வீட்டு வாசலுக்கு நேர்ப்படியில் அக்காவும் தம்பியும் ஒருவர் முடியை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காவலாளியோடு கீழேயிருந்து எண்ணிக்கொண்டே ஏறி வந்தார்களாம்.

"இவன் தப்புத் தப்பா எண்றான்ப்பா! பதினாலுன்னு சொல்றான்!"

"பதினாலுதான்!" என்றான் அஷ்வின் அழுதுகொண்டே.

"எப்படிடா எண்ணினே?"

"செக்யூரிட்டி அங்கிள் நாற்காலி போட்டிருக்கற எடம் ஒண்ணு. அப்புறம் ரெண்டு."

"அது மாடியே இல்ல, லூசு! அது தரை!"

உத்தமன் படியில் உட்கார்ந்துவிட்டான். தரை மாடியில்லை, சரி. ஏறிப்போகிற இடம்தான் மாடி. அப்படிப் பார்த்தால் பதிமூன்று. ஆனால் ஏழடுக்குக் கட்டடம் என்று சொல்லும்போது தரையையும் சேர்த்துத்தானே எண்ணுகிறோம்? அப்படியானால் இது பதினாலாவது அடுக்கு. விரலை மடக்கி ஒருமுறை எண்ணினான். நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை எண்ணினான். பதினாலுதான்.

"பாப்பா, உன்னுது மாடிக் கணக்கு. தம்பியுது அடுக்குக் கணக்கு. ரெண்டும் சரி."

"ரெண்டு பதில் எப்படிப்பா சரியாகும்?" கிருத்திகாவின் புருவம் முடிச்சு விழுந்தது.

"எங்கேருந்து ஆரம்பிக்கறேங்கறதுல இருக்கு."

சொல்லிவிட்டானே தவிர, சொன்னது கணக்கா சமாளிப்பா என்று அவனுக்கே குழப்பமாக இருந்தது. அதற்குள் கிருத்திகா தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தீபிகா வீட்டு மணியை அடித்துவிட்டாள். தடுக்கலாமா என்று யோசிக்கிற நேரத்தில் கதவு திறந்துவிட்டது.

"ஆன்ட்டி, மாடின்னா பதிமூணு. அடுக்குன்னா பதினாலு. இவன் கண்டுபிடிச்சான். ரெண்டும் சரியாம், அப்பா சொன்னாரு."

தீபிகா உத்தமனைப் பார்த்தாள். அவன் ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவன்போலத் தலையாட்டினான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய, மெல்லத் தனக்குள் எண்ணினாள். "க்ரவுண்டை ஸீரோன்னு வெக்கறதா, ஒண்ணுன்னு வெக்கறதா..." என்று முணுமுணுத்தவள் திடீரென்று சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் சேர்ந்து வந்தது. "இதை நான் தினம் ஆபீஸ்ல ப்ரோக்ராம் எழுதறப்ப பண்றேன். எனக்குத் தோணலையே. அப்ப நான் எதை எடுத்துக்கட்டும் செல்லம்?"

"உங்களுக்கு எது வேணுமோ" என்றாள் கிருத்திகா, பிஸ்கட் தட்டை நீட்டுபவள்போல. "நான் மாடிதான் எடுத்துக்குவேன்."

"அப்ப நான் அடுக்கு."

"அடுக்குன்னா, பன்னெண்டு போட்டிருக்கற வீட்டுக்காரங்கதானே பதிமூணு?" என்றான் அஷ்வின்.

கணேசமூர்த்தியின் வீடு பன்னிரண்டில் என்பது உத்தமனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "அதை யார்கிட்டயும் சொல்லாதடா" என்று சொல்ல வாயெடுத்தான். ஏன் சொல்லக்கூடாது என்று அடுத்த கேள்வி வரும். பிள்ளைகள் இருவரையும் வீட்டுக்குள் கூட்டிப்போனான்.

தீபிகா அடுத்த வாரமே ஓசூருக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். ஒன்பதாம் மாதம்தான் போவதாக இருந்தவள். லிஃப்டில் இறங்கும்போது கிருத்திகாவின் தலையைத் தடவி முத்தம் கொடுத்தாள். அடுக்குக் கணக்கு அவளுக்குப் போதவில்லையா, வேறு காரணமா என்று உத்தமன் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, பெண் குழந்தை, இருவரும் நலம் என்று செய்தி வந்தது. தேதியைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். பதினேழு. பார்த்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"ஆன்ட்டி பாப்பாவுக்கு நான் எழுதி அனுப்பணும்" என்று கிருத்திகா ஸ்டிக்கர் தாளோடு வந்து அவன் மடியில் சாய்ந்தாள். பென்சிலை முட்டியில் தட்டி யோசித்தாள்.

"என்ன எழுதப் போறே?"

"சொல்ல மாட்டேன். 'வா'வுக்கு கால் உண்டுல்ல?"

"உண்டு" என்றான் உத்தமன்.