பின்பக்கத்துச் சுவிட்ச்

பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான் இருந்தது. அவள் மண்டிபோட்டு, கன்னத்தைச் சுவரில் ஒட்டி, கையை உள்ளே விட்டுப் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பெரிய குமிழ் ஒன்று. சின்னக் குமிழ் ஒன்று. அவற்றுக்குக் கீழே, நகத்தால் தள்ள வேண்டிய சுவிட்ச்.

"அம்மா, இன்னிக்கா தூசி தட்டற?" என்றாள் மகள், கட்டிலோரத்திலிருந்து.

இரண்டு வருஷத்துக்கு முன்பும் தூசி தட்டத்தான் கையை விட்டாள். அதைச் சொல்லத்தான் காலையிலிருந்து வாய் வரவில்லை.

கட்டிலில் கிடந்தவர் அவள் புருஷன். ஓர் ஆலையின் ஜெனரேட்டர் அறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். காலையில் வந்த டாக்டர் மகளை வாசலுக்கு அழைத்துப்போய், இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். படுக்கையறையில் மூச்சு முட்டுகிறது என்று அவர் சொன்னதால், பத்து நாளைக்கு முன்பே கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டிருந்தார்கள்.

அந்தப் பெட்டி ஒரு சப்வூஃபர், அவர் ஓய்வு பெற்ற மாதம் வாங்கியது. பாட்டின் அடியில் ஓடும் கனத்த ஓசையை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். மற்றதை அலமாரியில் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களும் பார்த்துக்கொள்ளும். பெரிய குமிழ் அதன் சத்தத்துக்கு. சின்னது, எந்த ஓசைக்கு மேல் அது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதற்கு. நாற்காலிக்கும் பெட்டிக்குமாக ஒரு வாரம் நடந்து இரண்டையும் சரிபண்ணினார். பிறகு மகளுடைய நகப்பூச்சை வாங்கி இரண்டு குமிழிலும் சிவப்பாக ஒரு கோடு போட்டார். யார் கை பட்டாலும் தெரிந்துவிடும். சுவிட்சில் சைபர், நூற்றியெண்பது என்று இரண்டே நிலை, பெட்டியின் அதிர்வு ஸ்பீக்கர்களோடு சேர்ந்து போகவா, எதிராகப் போகவா என்பதற்கு. அதற்குக் கோடு போடவில்லை. அது தானாகவா நகரப்போகிறது என்று விட்டுவிட்டார்.

சாயங்காலமானால், அவரோடு வேலை பார்த்த நண்பர் வருவார். அதே அறையில் மீட்டர் பார்த்து எழுதியவர். எல்லோருக்கும் அவர் 'மீட்டர்'தான். இருவரும் பேசாமல் உட்கார்ந்து கேட்பார்கள். அடுத்த அறையில் துணி தைக்கும் அவளுக்கு மேஜை நடுங்கும், கத்தரிக்கோல் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வரும். கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டாள். கோட்டை விட்டு மயிரிழை நகர்ந்தாலும் கெட்டுவிடும் என்றார். சண்டை போட்டுப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க இருவரும் மகள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

அந்தத் தூசி நாளில் அவர் கடைக்குப் போயிருந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. துணியோடு போன விரல் பட்டுச் சுவிட்ச் நகர்ந்தது. யாரோ காலடியிலிருந்து பலகையை உருவியதுபோல, பாட்டிலிருந்து அந்தக் கனம் மட்டும் போய்விட்டது. திருப்பி வைக்கத்தான் நினைத்தாள். ஆனால் மேஜை அசையவில்லை. தைக்க வேண்டிய ரவிக்கைகள் நாலு இருந்தன. முடியும்வரை இருக்கட்டுமே என்று விட்டாள்.

அன்று சாயங்காலம் அவர் பத்து நிமிஷம் கேட்டார். எழுந்துபோய்ச் சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். போட்ட இடத்தில் இருந்தன. வயரை மாற்றிப் பார்த்தார். கடைசியில், உனக்குச் சரியாகக் கேட்கிறதா என்று மீட்டரிடம் கேட்டார். மீட்டர் அங்கே வந்ததே அவரோடு உட்காரத்தான். பாட்டு எப்படியிருந்தால் அவருக்கென்ன? எப்போதும்போல ஜம்மென்று இருக்கிறது என்று சொல்லி வைத்தார்.

அதோடு முடிந்தது. கோளாறு பெட்டியில் இல்லை, தன் காதில் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். காது டாக்டரிடம் போனார். முப்பது வருஷம் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றவருக்குக் காது கொஞ்சம் மங்காமல் இருக்குமா என்றார் டாக்டர். அதன்பிறகு செய்தி கேட்பதோடு சரி. மீட்டர் வருவது வாரத்துக்கு ஒருநாளாகி, மாதத்துக்கு ஒருநாளாகியது. வீட்டில் பேச்சும் குறைந்தது. எப்படியும் பாதிதான் காதில் விழும் என்பதுபோல, அவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு கத்தலோடு போயிருக்கும். ஒரு மாதம் கழித்துச் சொன்னால், ஏன் ஒரு மாதம் என்று கேட்பார். இரண்டு வருஷத்துக்கு என்ன பதில் சொல்வது?

நேற்று அவர் மகளிடம், "மொதல்ல காதுதான் கெளம்பிச்சு. மத்ததெல்லாம் அதப் பாத்துட்டுப் பின்னாடியே வரிசையா நிக்குது" என்றார். மகள் சிரித்துவிட்டாள். அவளோ அடுப்படிக்குப் போய், அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றாள்.

இப்போது சுவிட்ச் விரலில் மாட்டியது. தள்ளினாள். எழுந்து, தாளக் கருவிகள் மட்டுமே ஒலிக்கும் அவருடைய இசைத்தட்டைப் போட்டாள்.

அவர் கண்ணைத் திறந்தார். உள்ளங்கையைக் கட்டில் சட்டத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு தலையை லேசாக ஆட்டினார். இல்லை.

உண்மையிலேயே காது போய்விட்டதா? சொல்ல வந்தது இனி சமாதானத்துக்குச் சொல்லும் பொய்யாகிவிடுமா? கட்டிலருகே போய்க் குனிந்தாள்.

"உங்க காதுக்கு ஒண்ணும் இல்லைங்க. நான்தான் பின்னாடி இருக்கற சுவிட்சத் தள்ளிட்டேன். ரெண்டு வருஷமாச்சு. மேஜை ஆடுதேன்னு..."

ஈரத்துணியோடு மகளின் கை அப்படியே நின்றது. தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. தாளம் தகரத்தில் விழும் மழைபோல மேலேயே தட்டிக்கொண்டிருந்தது. அவர் கூரையைப் பார்த்தார்.

"இப்ப எந்தப் பக்கம் இருக்கு?"

"பழையபடி. சைபர்ல."

"நூத்தியெண்பதுக்குத் திருப்பு."

"அதுதாங்க நான் கெடுத்து வெச்சது."

"அப்ப நாற்காலி அங்க இருந்துச்சு. இப்ப நான் இங்க கெடக்கறேன். எடம் மாறினா அதுவும் மாறும். திருப்பு."

திரும்பவும் மண்டிபோட்டாள். சுவரில் கன்னத்தை ஒட்டினாள். தள்ளினாள்.

தரை முதலில் சொன்னது. முழங்காலில் ஏறி, பிறகு அறை முழுவதும் அந்தக் கனம் வந்து உட்கார்ந்தது. ஜன்னல் கண்ணாடி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. அவர் என்னவோ சொன்னார். மகள் குனிந்து கேட்டுச் சொன்னாள். பெரிய குமிழைக் குறைக்க வேண்டுமாம்.

"எவ்வளவு? கோடு இங்க இருக்கே."

"கோட்டப் பாக்க வேணாமாம். அப்பா மூஞ்சியப் பாக்கச் சொல்றாரு."

அங்கிருந்து அவர் முகம் பாதிதான் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே திருகினாள். சின்னதையும் ஒரு கால் சுற்று இறக்கச் சொன்னார். கடைசியில் அவர் கை உயர்ந்தது. போதும்.

"பொட்டி எங்க இருக்குன்னே தெரியக் கூடாது" என்றார், மூச்சு வாங்கி. "பாட்டு மட்டுந்தான் தெரியணும்."

இரண்டு வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் முழங்கால் வலிக்க அங்கேயே காத்திருந்தாள். திட்டுவார் என்று பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வெந்நீர் வைக்க அவள் உள்ளே போனபோது, மகளின் போனில் அவர் யாரிடமோ மெதுவாகப் பேசுவது கேட்டது. உறவுக்காரர் யாராவது விசாரிக்கிறார்கள் போலும் என்று நினைத்தாள்.

தட்டு இரண்டாம் முறை ஓடி முடிந்தபோது மணி நாலரை. மகள்தான் முதலில் கவனித்தாள். சட்டத்தில் இருந்த கை நழுவி, விரித்தபடி படுக்கையில் கிடந்தது.

ஒரு மணி நேரத்தில் வீடு நிறைந்துவிட்டது. யார் யாரோ வந்து அவள் கையைப் பிடித்தார்கள். கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டவர்களிடம், பாட்டுக் கேட்டார் என்றாள். அதற்கு மேல் அவளிடம் ஒன்றுமில்லை. மன்னித்தாரா, மனசில் வைத்துக்கொண்டே போனாரா, இனி யாரைக் கேட்பது?

மீட்டர் வந்தார். தலைமாட்டில் நின்று பார்த்துவிட்டு, அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். செருப்பைக் கழற்ற மறந்திருந்தார்.

"மத்தியானந்தான் கூப்பிட்டான் தங்கச்சி. காது சரியாயிடுச்சுடா, சாயங்காலம் வா, கேக்கலாம்னான். குரலே வேற மாதிரி இருந்துச்சு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எப்படிடா திடீர்னு சரியாச்சுன்னு கேட்டேன். யாரும் ஒண்ணும் பண்ணல, அது பாட்டுக்குப் போச்சு, அது பாட்டுக்கு வந்துடுச்சுன்னான்."

எதிரே உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகவே கேட்டிருந்தது. இருந்தாலும் மீட்டர் பக்கம் சாய்ந்து, "சரியா விழல அண்ணே. இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

மீட்டர் குரலை உயர்த்தி மறுபடி சொன்னார். வாசலில் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.