திருத்தி அனுப்பிய கடிதம்

அழகிரிசாமிக்கு ஒரு பிழை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் வேறெதுவும் படாது. கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அடிக்கும் அச்சகத்தில் இருபது வருடமாகப் புரூஃப் பார்க்கிறவர். கல்யாணப் பத்திரிகை வைத்தால் முகூர்த்தம் என்றைக்கு என்று பார்க்க மாட்டார், சிவப்புப் பேனாவைத் தேடுவார். ஏற்றுமதி லேபிளுக்காக முதலாளி வாங்கிப்போட்ட ஜெர்மன், டச்சு அகராதிகளைச் சாப்பாட்டு நேரத்தில் மேய்ந்துகொண்டிருப்பார். அப்படி ஒரு பிறவி.

தாய் தகப்பன் போன பிறகு தங்கை தீபலட்சுமியை அவர்தான் வளர்த்தார். பள்ளிக்கூட விடுதியிலிருந்து அவள் எழுதும் கடிதத்தைத் திருத்தித் திருப்பி அனுப்புவார், அவளும் சிரித்துக்கொள்வாள். 2002 தையில் ஸ்வீடனில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார். ஆவணியில் கடிதம் வந்தது.

"அண்ணே, இங்கன எந்தப் பாரத்துலயும் என்னய 'கிஃப்ட்'னு எழுதச் சொல்லுதாவ. கல்யாணம் ஆயிருச்சுன்னு அர்த்தமாம். விஷத்துக்கும் அதே வார்த்தைதானாம். மொதல்ல சிரிச்சேன். இப்ப சிரிப்பு வரல. வீட்டுல அவிய தினமும் என் மேல கை நீட்டுதாவ. ஊருக்கு வந்திரட்டா? ஒரு வரி எழுது."

எல்லா வரியையும் படிக்கத்தான் செய்தார் மனுசன். புருசன் பெண்சாதிக்குள் ஆயிரம் இருக்கும், நாளானால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அகராதியை எடுத்தார். நாலு பக்கம் எழுதினார்.

"எல்லாவற்றுக்கும் மூலம் 'கொடு' என்பதே. கொடுத்ததை இங்கிலீஷ்காரன் பரிசு என்றான். ஜெர்மன்காரனுக்கும் 'கிஃப்ட்' முன்னாளில் கொடைதான். உள்ளுக்குக் கொடுக்கிற மருந்தைச் சொல்லப்போய் விஷமாகிவிட்டது. ஆனாலும் சீதனம் இன்றைக்கும் அவனுக்கு 'மிட்கிஃப்ட்'. டச்சுக்காரன் கொடைக்குக் 'கிஃப்ட்', விஷத்துக்குக் 'கிஃப்' என்று வாலை நறுக்கிக்கொண்டான். ஸ்வீடனில் நீ 'கிஃப்ட்' என்றால், உன்னைக் கொடுத்தாகிவிட்டது என்று பொருள். ஊருக்கு வருவதைப் பொங்கலுக்குப் பார்க்கலாம்."

அவள் கடிதத்திலும் ஒன்பது இடம் சுழித்து, தன் கடிதத்தோடு ஒரே உறையில் வைத்து ஒட்டித் தபாலில் சேர்த்தார்.

மறுநாள் அவர் மனைவி பாண்டியம்மாள் கேட்டாள்: "தீபா கடுதாசி எங்க? நானும் படிக்கேன்."

"திருத்தி அனுப்பிட்டேன்."

"அவ வீட்டுக்கேவா? என்ன எழுதியிருந்தா?"

சொன்னார். பாண்டியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அட பாவி மனுசா! அடிக்கான்னு எழுதினத அடிக்கவன் வீட்டுக்கேவா அனுப்புவிய? அவன் கையில மாட்டினா அந்தப் புள்ள என்ன ஆகும்?"

அப்போதுதான் மனுசனுக்கு உறைத்தது. தபாலாபீசுக்கு ஓடினார், பை அதிகாலையிலேயே ரயிலேறிவிட்டது. அன்று முதல் தினமும் போன் பூத்தில் போய் நின்றார். ஒவ்வொரு நாளும் மாப்பிள்ளைதான் எடுத்தான். "அவ குளிக்கா," "அவ தூங்குதா" என்று வைத்துவிட்டான். வீட்டுக்கு வந்து படுத்தார். பன்னிரண்டாம் நாள் அவளே எடுத்தாள்.

"தீபா! கடுதாசி வந்துச்சாட்டி?"

"வந்துச்சுண்ணே. அவியதான் பிரிச்சாவ. ரெண்டையும் படிச்சாவ."

"அண்ணன் புத்திகெட்டுப் பண்ணிட்டேன். நீ கெளம்பி வந்திரு. நாளைக்கே வந்திரு."

"பாஸ்போர்ட்ட எடுத்து ஒளிச்சுட்டாவ." குரலைத் தணித்துச் சொன்னாள்: "'கொடுத்தாகிவிட்டதுன்னு உங்க அண்ணனே எழுதிட்டாரு, இனி நீ எங்க போவ?'ன்னு கேட்டாவண்ணே. நான் என்னத்தச் சொல்ல?"