பழைய ரிவர்ஸ் லைட்

"லைட் மங்கல், பின்னால் ஆள் நின்றது தெரியவில்லை" என்று போலீசிலும் சொன்னேன், கல்லறைத் தோட்டத்திலும் சொன்னேன். எவனும் மறுத்துப் பேசவில்லை. விஜயபுரம் கடலை குடோனில் ராத்திரி நான் லாரியைப் பின்னால் எடுத்தபோது சக்கரத்தில் மாட்டிச் செத்தவன் தியோடர், மூட்டை தூக்குகிறவன். அவன் மனைவி கேசியா முதலாளியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: அந்த லாரிக்கு நல்ல லைட் போட வேண்டும்.

போடும்போது தானும் இருப்பேன் என்று ஏர்பேட்டில் கங்கையாவின் எலக்ட்ரிகல் ஷெட்டுக்கே வந்துவிட்டாள். புது எல்.இ.டி. லைட்டுகள் பெட்டியில் இருந்தன. கங்கையா பழையதைக் கழற்றப் போனார்.

"இருட்டட்டும்ணா. இத்த ஒரு தபா பாத்துடறேன்" என்றாள்.

இருட்டியதும் லாரிக்குப் பின்னால் போய், தியோடர் நின்ற அதே தூரத்தில் நின்றாள். நான் சாவியை மட்டும் திருப்பி ரிவர்ஸ் கியர் போட்டேன்.

"தெரியுதா?"

கண்ணாடியில் அவள் சேலையின் கரை வரை தெரிந்தது. அன்றைக்கு நான் கண்ணாடியே பார்க்கவில்லை. மடியில் போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் தெரியலக்கா."

அவள் ஓர் அடி பின்னால் வைத்தாள். இன்னோர் அடி. வண்டிக்கு அடியில் வேலை பார்க்க வெட்டிய குழி அவள் முதுகுக்குப் பின்னால் திறந்து கிடந்தது.

"நில்லுக்கா! பின்னால பள்ளம்!" என்று கத்திவிட்டேன்.

நின்றாள். பள்ளத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் என்னையே பார்த்தாள்.

"கழட்டாதீங்கண்ணா" என்றாள் கங்கையாவிடம். "இது நல்லாத்தான் எரியுது."