விழிஞம் குகைக்குப் புறப்பட்ட கதை

1

இது பயணக் கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. திருவனந்தபுரத்தைச் சுற்றி ஒரே நாளில் போய்வரக்கூடிய கோயில்கள், குகைகள் பற்றி எழுதித் தரச்சொல்லி ஒரு பத்திரிகை கேட்டது. விழிஞத்துப் பாறைக் குகைக்குப் போகும் வழியில் திருவல்லத்தில் இறங்கினேன். அங்கே ஆற்றங்கரையில் இறந்தவர்களுக்குப் பலியிடுவார்கள், அதாவது இலையில் பிண்டம் வைப்பார்கள். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண், புரோகிதர் பெயர் கேட்டதும் வாயைத் திறந்தாள். சொல்லாமல் மூடிக்கொண்டாள். நான் பார்த்தது அவ்வளவுதான். கட்டுரை அதோடு கெட்டது. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுவில் ஓடும் பஸ் ஒன்று கிழக்கேகோட்டையிலிருந்து இருமிக்கொண்டே...'

(பஸ்ஸை விடுங்கள். அதை வர்ணித்துக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பவனைத் தள்ளிப்போடலாம் என்று பார்த்தேன்.)

உள்ளே இருப்பவன் கோமதிநாயகம். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுப்பவன். பூர்வீகம் திருநெல்வேலி. அவன் அண்ணன் நெல்லையப்பன் ரங்கூனுக்கு வேலைக்குப் போனவன். அங்கே ஜப்பான்காரன் குண்டு போட்டதிலிருந்து கடிதம் இல்லை. காட்டு வழியாக நடந்தே ஊர் திரும்பிய ஒருவர், நெல்லையப்பன் காய்ச்சலில் கிடந்ததைப் பார்த்தேன் என்றார். கூட வந்தவர், அது வேறு ஆள் என்றார்.

அண்ணன் மனைவி பகவதியம்மாள் கோமதிநாயகத்தின் வீட்டில்தான் இருக்கிறாள், தாலியோடும் குங்குமத்தோடும். இப்போது பஸ்ஸில் பக்கத்து வரிசையில் இருக்கிறாள்.

அண்ணன் செத்திருந்தால், ஒன்றரை வருஷமாகப் பிண்டம் கிடைக்காமல் பட்டினி கிடக்கிறான். உயிரோடு இருந்தால், பலியிடுவது அவனைக் கையால் கொல்வது மாதிரி. மதினியின் பொட்டும் போய்விடும். கோமதிநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தான். "விழிஞத்துல குகைக்கோயில் இருக்கு, பாத்துட்டு வருவோம் மதினி. வழியில திருவல்லத்துலயும் சாமி கும்பிட்டுக்கிடலாம்" என்றான். அவளுக்குத் தெரியாமல் பலியை முடித்துவிட்டால் அண்ணன் பசியும் ஆறும், மதினி பொட்டும் நிற்கும்.

3

அப்படியானால் தனியாகப் போயிருக்கலாமே, அவளை எதற்கு இழுத்துக்கொண்டு வந்தான்? எனக்கும் புரியவில்லை. கேட்டால் தலையைச் சொறிகிறான்.

இவன் நல்லவன்தானா என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடைத்தெருவில் போவோர் வருவோரெல்லாம் 'அண்ணன்கிட்டேர்ந்து கடுதாசி உண்டோ?' என்று கேட்பதில் அலுத்துப்போய், எப்படியாவது ஒரு முடிவு தெரிந்தால் போதுமென்று...

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனமில்லை.)

4

திருவல்லத்தில் மதினியைக் கோயில் பிராகாரம் சுற்றிவரச் சொல்லிவிட்டு, அவன் மட்டும் ஆற்றில் முங்கி வந்து இலை முன்னால் உட்கார்ந்தான். பலி செய்துவைக்கும் போற்றி தர்ப்பை மோதிரம் போட்டுவிட்டார். அடுத்த இலைக்கு முன்னால் ஈரப்புடவையோடு ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். பகவதியம்மாள்.*

* திருநெல்வேலியில் பெண்கள் இதற்கு உட்காருவதில்லை. இங்கே உட்காருவார்கள். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் கோமதிநாயகம் இதை மட்டும் தன் ஊர்ப் புத்தியோடு யோசித்துவிட்டான்.

"மதினி, நீங்க எதுக்கு..."

"திருவல்லம்னு சொன்னப்பவே தெரியும் தம்பி. நேத்து ராத்திரி நீங்க சாப்பிடல. நானுந்தான் சாப்பிடல. நீங்க கவனிக்கல."

(பலியிடுகிறவர்கள் முந்தின நாள் ஒரே வேளைதான் சாப்பிடுவார்கள். பகவதியம்மாளும் ராத்திரி பட்டினி கிடந்தது எனக்கே இப்போதுதான் தெரியும்.)

"ரெண்டு பேரும் ஒரே ஆளுக்கு வேண்டியாணோ?" என்றார் போற்றி. பகவதியம்மாள் மோதிரத்துக்கு விரலை நீட்டினாள். "செரி. மரிச்ச ஆளோட பேரும் நாளும் பறயணும்."

நாள் என்றால் நட்சத்திரம். கோமதிநாயகம் வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க சொல்லாதீங்க. நாளைக்கு அவுக வந்து நின்னா, உங்களால அவுக முகத்தப் பாக்க முடியாது. நான் பாத்துக்கிடுவேன்."

5

முடிவுகள்.

ஒன்று: அவள் புருஷன் பெயரைச் சொல்கிறாள். மறுபடி முங்கி எழும்போது பொட்டு இல்லை.

இரண்டு: எப்போதோ செத்துப்போன தன் அப்பா பெயரைச் சொல்கிறாள். கோமதிநாயகம் அழுகிறான், நிம்மதியிலா ஏமாற்றத்திலா என்று தெரியாமல்.

மூன்று: ஐப்பசி மழையில் நெல்லையப்பன் தாடியோடு வந்து வாசலில் — அடித்துவிட்டேன். ஆசைப்பட்டு எழுதியது.

விழிஞத்துக் குகைச் சுவரில் பாதி செதுக்கி விட்டுப்போன சிற்பங்கள் இருக்கின்றன. அவற்றைக் காட்டி இந்தக் கதையின் அரைகுறைக்குச் சமாதானம் சொல்லலாம் என்று பார்த்தேன். ஆனால் இவர்கள் அன்றைக்குக் குகைக்குப் போகவில்லை.

6

அவள் ஒரு பெயரைச் சொன்னாள். போற்றிக்குக் கேட்டது, கோமதிநாயகத்துக்குக் கேட்டது, எனக்கும் கேட்டது. எழுதமாட்டேன். எழுதினால் பலித்துவிடும் என்று பயமாக இருக்கிறது. ஒரு கதைக்காரன் இப்படிப் பயப்படலாமா என்று கேட்காதீர்கள். இடம் விட்டிருக்கிறேன்.

பெயர் .................... நட்சத்திரம் ....................

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். சொன்னபிறகு திரும்ப வாங்க முடியாது என்று தெரிந்துதான் அவள் சொன்னாள்.