ஒரிஜினல் பொம்மை வீடு

உமாபதிக்கு எழுபது வயதில் பாரம்பரியம் பிடித்துக்கொண்டது. பெரிய காஞ்சிபுரத்தில் இரண்டு பட்டுக்கடைகளுக்கு அவர் முதலாளி. பூர்வீக வீட்டை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஹெரிடேஜ் ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார். முப்பது வருடங்களுக்கு முன் அதே வீட்டில் ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்துவிட்டு மார்பிள் போட்டவரும் அவர்தான். இப்போது மார்பிளைப் பெயர்த்துவிட்டு ஆத்தங்குடிக் கல் போட்டார். வீட்டின் தேக்குத் தூண்கள் நான்கையும் அப்போதே விறகு விலைக்குத் தள்ளிவிட்டிருந்ததால், காரைக்குடியிலிருந்து வேறு யாரோ வீட்டுத் தூண்கள் லாரியில் வந்து இறங்கின. வருகிறவர்களிடம் அவற்றைத் தட்டிக் காட்டி, "எங்க கொள்ளுத்தாத்தா சாஞ்சிக்கினு நின்ன தூணு" என்பார். நாளாக ஆக அவரே அதை நம்பவும் தொடங்கிவிட்டார்.

அந்தச் சமயத்தில் பரணைச் சுத்தம் செய்தபோது பொம்மை வீடு கிடைத்தது.

இடுப்பு உயரத்துக்கு மரத்தில் செய்த மாடி வீடு. முன்பக்கம் அலமாரி போல இரண்டு கதவாகத் திறக்கும். உள்ளே ஆறு அறைகள், ஒரு படிக்கட்டு, கூடத்தில் ஊஞ்சல் மாட்டுகிற கொக்கி. எல்லாவற்றின் மேலும் ரோஸ் பெயின்ட், அதன் மேல் எலிப் புழுக்கை. உமாபதி அதை ஒலிமுகமதுபேட்டையில் சித்தாராவின் பட்டறைக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். பழைய மரச் சாமான்களைச் சரிசெய்வதில் ஊரில் சித்தாராவுக்குத்தான் பெயர். நாற்பத்திரண்டு வயது. அதிகம் பேசமாட்டாள். பேசினால் எதிரில் இருப்பவருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைக்கும்.

"இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னெண்டும்மா," என்றார் உமாபதி. "எங்க கொள்ளுத்தாத்தா நெய்ஞ்ச புடவையைப் பார்த்து கலெக்டர் பொண்டாட்டி, வெள்ளைக்காரம்மா, மயங்கிப்போய்க் குடுத்தது. லண்டன் சாமான்."

சித்தாரா குனிந்து சமையலறையைப் பார்த்தாள். சுவரை ஒட்டி விரல் நீளத்துக்கு ஓர் அம்மி இருந்தது.

"லண்டன்ல அம்மி வச்சிருந்தாங்களா சார்?"

"நம்ம ஊருக்குன்னு ஸ்பெஷலா செஞ்சிருப்பாங்கம்மா. அதெல்லாம் உனுக்கு எதுக்கு? அந்தக் காலத்துல எப்டி இருந்துச்சோ அப்டியே வேணும். ஒரு நூல் மாறக்கூடாது."

"நிஜமாவே அப்டியேவா?"

"ஒரிஜினல்தாம்மா வேணும்," என்றார் உமாபதி.

ஒரிஜினல் என்று சான்றிதழ் எழுதித் தருவதற்குச் சென்னையிலிருந்து ஜெயப்ரியா வந்தாள். பழைய கட்டடங்களைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவள். கழுத்தில் ஐடி கார்டு மாதிரி ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். வேலையில் நேர்மையானவள். அதை யாரும் உமாபதியிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

அவளும் சித்தாராவும் ஒரு வாரம் உட்கார்ந்து, அறுவை சிகிச்சைக் கத்தியால் பெயின்டைத் துளித்துளியாகச் சுரண்டினார்கள். ரோஸுக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே சுவரில் ஒட்டிய தமிழ்ச் செய்தித்தாள். அதில் தேதி இருந்தது: 1959, ஆடி மாதம். பின்பலகையைத் திருப்பியபோது தேயிலைப் பெட்டியின் முத்திரை பாதி தெரிந்தது. உமாபதியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

"பேப்பரைப் பின்னாடி எவனாவது ஒட்டியிருப்பான்," என்றார் அவர்.

"இல்ல சார். பேப்பருக்குக் கீழ வெறும் மரம்தான். இதுதான் ஃபர்ஸ்ட் லேயர்," என்றாள் ஜெயப்ரியா. "ரொம்ப இன்ட்ரஸ்டிங்கான பீஸ் சார் இது. லோக்கல் மேக்."

லோக்கல் என்ற சொல் உமாபதியின் முகத்தில் ஈ போல உட்கார்ந்தது. அவர் அதை விரட்டுவதற்குள், இடது கதவின் உள்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்த சித்தாரா, "இங்க ஏதோ எழுதியிருக்குது" என்றாள். நீலத்தின் மேல் பென்சிலால், கோடு போட்டு, குண்டுகுண்டான எழுத்தில் எழுதியிருந்தது:

இது கங்காவின் வீடு. உமா உள்ளே வரக்கூடாது. மீறி வந்தால் அப்பாவிடம் சொல்லுவேன்.

ஜெயப்ரியா பூதக்கண்ணாடியோடு குனிந்தாள். குரலே மாறிவிட்டது. "சார், இது பொக்கிஷம். யாரு சார் இந்த உமா? தங்கச்சியா இருக்குமோ?"

"எனக்கு எப்டிம்மா தெரியும்? கலெக்டர் பொண்ணா இருக்கும்."

"கலெக்டர் பொண்ணு பேரு உமாவா சார்?" என்று சித்தாரா கேட்டாள்.

உமாபதிக்கு உடனே போன் வந்தது. மணி அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் வெளியே போனார். சாயங்காலம் அதே போனில் சித்தாராவைக் கூப்பிட்டார்.

"அந்த எழுத்தை மட்டும் இழைச்சுத் தள்ளிடும்மா."

"ஒரிஜினல்தான் வேணும்னீங்களே சார்."

"ஒரிஜினல்தான் வேணும். அதுக்கும் முந்தின ஒரிஜினல்."

"அதுக்கும் முந்தி அது டீத்தூள் பெட்டி சார்."

சித்தாராவுக்குக் கங்காவைத் தெரியும். அவள் படித்த பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்த கங்கையம்மாள், உமாபதியின் அக்கா. எழுபத்தாறு வயது. கணவர் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாகக் குடியிருந்தார். மறுநாள் காலை சித்தாரா அங்கே போனாள்.

"இன்னும் இருக்குதா அது?" என்று கேட்டுவிட்டுக் கங்கையம்மாள் மிக்சியை நிறுத்தினார். "எனுக்கு டைபாய்டு வந்து ரெண்டு மாசம் படுத்துக்கினு இருந்தேன். எங்கப்பா பரசுராமன் ஆசாரியைக் கட்டிலுக்குப் பக்கத்துலயே உக்கார வச்சு செய்யச் சொன்னாரு. நான் படுத்துக்கினே இங்க ஜன்னல் வை, அங்க படி வைன்னு சொல்லுவேன்."

"உமா ஏம்மா உள்ள வரக்கூடாது?"

"பொம்மைங்க கழுத்தைத் திருகிடுவான். திருகிட்டு, அக்காதான் திருகிச்சுன்னு அப்பாகிட்ட போய் அழுவான். நாலு வயசு. அப்பவே அவ்ளோ தெளிவு." கங்கையம்மாள் சட்னியை வழித்துக் கிண்ணத்தில் போட்டார். "பெரிய வீட்டுக்கும் அப்டி எழுதி வச்சிருக்கணும். அப்பா போனப்புறம், கரண்ட் கனெக்‌ஷன் பேர் மாத்தணும், ஒரு கையெழுத்துப் போடுக்கான்னு கூட்டிக்கினு போனான். போட்டேன். கரண்ட் கனெக்‌ஷனுக்கு ஏன்டா ரிஜிஸ்டர் ஆபீஸுன்னு எனுக்குக் கேக்கத் தோணலை. நானும் படிச்சவதான்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. சித்தாராவுக்கு இட்லி வைத்துக் கொடுத்துவிட்டு, பொம்மை வீட்டை அறை அறையாகச் சொன்னார். கூடம் நீலம். தரை சிவப்பு. மாடி அறையில் தீப்பெட்டியில் செய்த ரேடியோ. சமையலறைச் சுவர் நிஜ வீட்டில் இருப்பதுபோல் கரி பிடித்திருக்க வேண்டும் என்று அவர் அழுததால், ஆசாரி அதை மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டிக் கறுப்பாக்கினாராம்.

சித்தாரா அதைச் செய்து முடிக்க ஆறு வாரமானது. கரிச்சுவர் மட்டும் மூன்று முறை சரியாக வரவில்லை. முதல் முறை திட்டுத்திட்டாகப் படிந்தது, இரண்டாவது முறை பலகை கருகியது. கடைசியில் அடுப்புக்கு மேலே மட்டும் அடர்ந்து, கூரையை நெருங்க நெருங்க மங்கிப்போகும் கரி கிடைத்தபோது, அவள் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ பெரிய மனிதர்களின் அலமாரிகளைச் சரிசெய்திருக்கிறாள். எதையும் கொடுக்க மனம் வராமல் இருந்ததில்லை.

பென்சில் எழுத்தை அவள் தொடவில்லை. உமாபதி வந்து பார்த்தார், திட்டினார், ஜெயப்ரியாவிடம் முறையிட்டார். எழுத்தை அழித்தால் சான்றிதழ் கிடையாது என்று ஜெயப்ரியா சொல்லிவிட்டாள். உமாபதிக்குச் சான்றிதழும் வேண்டும், எழுத்தும் வேண்டாம். ஆகவே '1912' என்று பொறித்த ஒரு பித்தளைத் தகடு செய்து, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் எழுத்தின் மேல் ஒட்டினார். மெழுகு பாலிஷ் மேல் டேப் நிற்காது. சித்தாரா அதைச் சொல்லவில்லை. அவளை யாரும் கேட்கவுமில்லை.

ஹோட்டல் திறப்பு விழாவுக்கு ஊர்ப் பிரமுகர்கள் வந்தார்கள். நான்கைந்து யூடியூப்காரர்கள் வந்தார்கள். குடும்பத்தில் மூத்த சுமங்கலிதான் விளக்கேற்ற வேண்டும் என்று உமாபதி தன் மனைவியை நிறுத்தினார். அக்காவுக்குக் கடைசி வரிசையில் நாற்காலி. பிறகு பொம்மை வீட்டின் பக்கத்தில் நின்று, கலெக்டர் மனைவி மயங்கிய கதையைத் தொடங்கினார். கலெக்டர் மனைவி குதிரை வண்டியிலிருந்து இறங்குகிற இடத்தில் தகடு கழன்று ஆத்தங்குடிக் கல்லில் விழுந்தது. விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத்தான் ஓய்ந்தது.

யூடியூப்காரர்கள் போனை நீட்டிக்கொண்டு நெருங்கினார்கள். ஒருவன் எழுத்தை உரக்கவே படித்தான். ஜெயப்ரியா, தன் கண்டுபிடிப்பைச் சொல்ல இதுதான் நேரம் என்று மனமார நினைத்து மைக்கை வாங்கினாள். ஆசாரியைப் பற்றியும் கங்காவின் வயதைப் பற்றியும் சித்தாரா அவளுக்குச் சொல்லியிருந்தாள்; உமா யார் என்பதை மட்டும் சொல்லியிருக்கவில்லை.

"இது 1959-ல் காஞ்சிபுரத்து ஆசாரி செஞ்சது. இந்த மாதிரி வீடு தமிழ்நாட்டில நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. கங்காங்கிற பத்து வயசுப் பொண்ணுக்குச் சொந்தமானது. சர்டிஃபிகேட்லயும் அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"யாரு அந்தக் கங்கா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"நான்தான்பா," என்று பின்னாலிருந்து கங்கையம்மாள் எழுந்தார். தம்பியைக் கைகாட்டினார். "உமா இவன்."

கூட்டம் சிரித்தது. உமாபதியும் சிரித்தார். எல்லாப் போன்களும் அவர் பக்கம் இருந்ததால் வேறு வழியில்லை. கங்கையம்மாள் மெதுவாக நடந்து வந்து, தீப்பெட்டி ரேடியோவை எடுத்துப் பார்த்தார். கரிச்சுவரை விரலால் தொட்டார். விரலில் ஒட்டிய கரியைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் பத்து வயதுக்குப் போய்விட்டு வந்தது.

"இதை நான் எடுத்துக்கினு போறேன்டா உமா."

"தாராளமா எடுத்துக்கோக்கா, உன்னுதுதானே," என்றார் உமாபதி கேமராவைப் பார்த்து. அவ்வளவு பெரிய சாமானை ஒரு கிழவி எங்கே தூக்கிக்கொண்டு போகப்போகிறாள் என்ற தைரியம் அவருக்கு.

காலையில் அதை ஏற்றி வந்த குட்டி யானை வண்டி இன்னும் தெருவில் நின்றது. ஏன் திரும்பிப் போகவில்லை என்று பிறகு உமாபதி கத்தியபோது, டிரைவர் சாப்பிடப் போயிருந்தார் என்று சித்தாரா சொன்னாள். பத்து நிமிடத்தில் வீடு வண்டி ஏறியது. கங்கையம்மாள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். இதெல்லாம் அன்று மாலையே வீடியோவாக வந்து, ஹோட்டலுக்கு நல்ல விளம்பரமானது. உமாபதி ஒரு மாதத்தில் புதிதாக இன்னொரு பொம்மை வீடு செய்யச் சொன்னார். அதில் செல்லரித்த மாதிரி ஓட்டை போட்டு, டீத்தூள் தண்ணீர் ஊற்றிப் பழசாக்கினார்கள். வெள்ளைக்காரர்கள் இன்றும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் சித்தாராவைக் கங்கையம்மாள் கூப்பிட்டனுப்பினார். பொம்மை வீடு டிவி பக்கத்தில் இருந்தது. கூடத்தில் பிரஷர் மாத்திரை, மாடியில் சர்க்கரை மாத்திரை, படுக்கையறையில் ஆதார் கார்டும் தைலப் புட்டியும்.

"சமையல்ரூம்ல செல்போனை வச்சுத்தான் சார்ஜ் போடறேன்," என்றார். "கதவு மூட மாட்டேங்குது, வொயர் தடுக்குது. பின்னாடி ஒரு ஓட்டை போட்டுக் குடும்மா."

"அந்தக் கரிச்சுவர்லயாம்மா?"

"வேற எந்தச் சுவர்ல?"

ஜெயப்ரியா இதைப் பார்த்தால் அழுவாள் என்று சித்தாரா நினைத்தாள். ஆனாலும் கீழே போய் டிரில்லை எடுத்து வந்து, எந்த இடம் என்று பென்சிலால் குறித்துக் காட்டச் சொன்னாள்.