மூன்று லிட்டர் கேன்

டீசல் திருட்டை ஒழிக்க அரசாங்கம் எடுத்த முயற்சிகளை எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். முதலில் டாங்கர் லாரிகளுக்கு எண் போட்ட சீல் வைத்தார்கள். அதே எண்ணில் போலி சீல் வந்தது. பிறகு பெரிய பூட்டு வந்தது, பின்னாலேயே கள்ளச்சாவியும் வந்தது. கேமரா வைத்தார்கள், இரண்டாம் மாதம் கேமராவே களவு போனது. கடைசியில், படகுகளுக்கும் பம்ப்செட்டுகளுக்கும் சலுகை விலையில் கொடுக்கும் டீசலில் ஊதாச் சாயம் கலப்பதென்று முடிவானது. ரோட்டில் ஓடும் வண்டியின் டாங்கில் ஊதா தெரிந்தால் அது திருட்டு டீசல், வேறு பேச்சே கிடையாது. எங்கள் கிடங்கில் அந்தச் சாயத்தை ஊற்றும் வேலை என் தலையில் விழுந்தது. ஐந்து வருடம் ஆகிறது. திருடர்களிடம் அது எவ்வளவு ஒட்டியதோ தெரியாது, என் கையில் நன்றாக ஒட்டிக்கொண்டது.

கையுறை கொடுக்காமல் இல்லை. ஒரு வாரத்தில் பிய்ந்துவிடும், அடுத்த ஜோடிக்கு மூன்று மாதம் எழுதிக் கேட்க வேண்டும். சாயமோ சோப்புக்கு மசியாது, டீசலுக்குத்தான் அசையும். அதனால் சாயம் ஊற்றுகிற எல்லோரும் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். குழாயின் கடைசியில் வடிகிற சாயம் கலக்காத டீசலைச் சின்ன மூன்று லிட்டர் கேனில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவோம். ராத்திரி சாப்பிடும் முன் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கையை ஊறவைத்துத் தேய்த்துவிட்டு, மறுபடி கேனிலேயே கொட்டிவிடுவோம். மாதக் கடைசியில் அது கத்திரிக்காய்த் தோல் நிறத்துக்கு வந்திருக்கும். எங்கள் மேற்பார்வையாளர்கூட அப்படித்தான் கொண்டுபோவார். இதைத் திருட்டு என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது மனைவிக்கு அவள் தம்பியிடமிருந்து போன் வந்தது. அவன் கடைகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன், சொந்தமாக ஒரு வேன் வைத்திருக்கிறான். பறக்கும் படை வழியில் நிறுத்தி டாங்கில் குழாய் விட்டு எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஊதா. வண்டியையும் அவனையும் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புதுச் சட்டப்படி லைசென்ஸ் போகும், ஆறு மாதமாவது உள்ளே இருக்க வேண்டும்.

மனைவி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. நேற்று ராத்திரி நான் சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்து மைத்துனன் வீட்டுக்கு வந்திருந்தான், டீசல் தீரப்போகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தான். குளியலறைப் பக்கம் ஓடிப்போய்க் கேனைத் தூக்கிப் பார்த்தேன். காலி. எனக்குப் புரிந்துபோயிற்று. கை கழுவிய டீசலை எடுத்து வண்டியில் ஊற்றியிருக்கிறான், முட்டாள். அந்தச் சாயம் இரண்டு சொட்டு விழுந்தாலே ஒரு டாங்க் முழுக்க நிறம் மாறும். அவனைத் திட்டிக்கொண்டே சட்டையை மாட்டினேன். மனைவி சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படையின் அலுவலகத்தில் மைத்துனன் பெஞ்சின் ஓரத்தில் குன்றிப்போய் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. தான் எங்கேயும் திருட்டு டீசல் வாங்கவில்லை என்று சத்தியம் செய்தான்.

"எங்க வீட்டுக் கேன்ல இருந்து ஊத்தினியா?" என்று கேட்டேன்.

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "ஆமா அத்தான்" என்றான்.

அதிகாரி என்னைவிடப் பத்து வயது சின்னவர். மேஜை மேல் ஊதா நிறக் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நின்றன. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு என் கைகளைப் பார்த்தார். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கிடங்குப் பொருளை வெளியே கொண்டுபோனதாக என் மேல் நடவடிக்கை வரும் என்றார். ஓய்வுக்கு எத்தனை வருடம் இருக்கிறது என்று விசாரித்தார். இரண்டு என்றேன். நன்றாக யோசித்து எழுதச் சொன்னார்.

யோசித்தேன். முப்பத்தோரு வருடம் ஒரு ஸ்பானரைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவன் நான். அந்த ஒரு பெருமைதான் என்னிடம் மிச்சம். ஆனால் என் கை அழுக்குக்கு அவன் ஏன் ஜெயிலுக்குப் போக வேண்டும்? எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரி தாளை வாங்கிக் கோப்பில் வைத்தார். "ஒண்ணு சொல்லட்டுமா சார்? இந்த அஞ்சு வருஷத்துல உங்க கிடங்குல இருந்து நாங்க பிடிச்ச முதல் ஆள் நீங்கதான்" என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. அவரும் களைத்துத்தான் போயிருந்தார்.

மதியத்துக்குள் அவனையும் வேனையும் விட்டுவிட்டார்கள். எனக்கு சஸ்பெண்ட் உத்தரவு மாலையில் கிடங்கு வாசலிலேயே கிடைத்தது. அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்ட மேற்பார்வையாளர் என் கண்ணைப் பார்க்கவில்லை. அவருடைய நகக்கண்ணிலும் ஊதா இருந்தது.

வீட்டுக்கு வந்து முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் கேனைத் தேடினேன். மனைவி சோப்பும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"கேன்ல இருந்ததை நேத்து அவன் வர்றதுக்கு முன்னாடியே நான்தான் சாக்கடையில கொட்டினேன். வாடை தாங்கல" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பதிலை நானே கேள்விக்குள் வைத்து மைத்துனனுக்கு நீட்டியிருக்கிறேன், அவன் வாங்கிக்கொண்டான்.

"காலையிலயே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க போயிருக்க மாட்டீங்க. உங்களுக்கு வேலைதானே போகும். அவனுக்கு ஜெயிலுங்க."

கோபம் வந்தது. தலை வரைக்கும் ஏறியது. ஆனால் எழுந்து நின்று கத்துவதற்கு உடம்பில் தெம்பு இல்லை. திரும்பிப் போய், எழுதியது பொய் என்று சொல்லலாம். சொன்னால் அவன் உள்ளே போவான், இவள் இந்த வீட்டில் என்னோடு பேசாமல் மிச்ச காலத்தை ஓட்டுவாள். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக நான் ஊற்றிய சாயம் சரியான ஆளைப் பிடித்திருக்கிறது. நானே போய் அவிழ்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

அவள் என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சோப்புப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். அழுதுகொண்டேதான் தேய்த்தாள்.

"சோப்புக்குப் போகாது" என்றேன்.

"இனிமேதான் அங்க போகப் போறதில்லையே, தானா போயிடும்" என்றாள்.